அதே காற்று வீசாத ஊர்

(பட்டுக்கோட்டை வட்டாரத்தில் நடந்த ஒரு வாசகர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பொருளியல் ஆசிரியர் பேசப்போகிறார் என்று அறிவித்ததுமே இரண்டு பேர் எழுந்து தேநீர்க் கடைப் பக்கம் போனதைப் பார்த்தேன். தப்பில்லை. முப்பது வருடம் வகுப்பறையில் பார்த்த காட்சிதான். ஆகவே புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, இங்கே உள்ள எல்லோருக்கும் தெரிந்த ஒரு காலையிலிருந்து தொடங்குகிறேன்.

2018 நவம்பர் 16. வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், விடிவதற்குள் நம் தோப்புகளை மிதித்துக்கொண்டு மேற்கே போய்விட்டது. பேராவூரணிக்குத் தெற்கே எனக்கு ஒரு மாமா இருக்கிறார். தூரத்து உறவுதான், ஆனாலும் முறை சொல்லித்தான் கூப்பிடுவோம். ஐந்து ஏக்கர் தென்னை. ஏக்கருக்கு எழுபது மரம் என்று அவர் அப்பா காலத்தில் வைத்தது. அன்று காலை அவர் தோப்புக்குள் இறங்கவில்லை. இறங்க வழியும் இல்லை. வாய்க்கால் கரையில் நின்றபடியே எண்ணினார். சாய்ந்ததை எண்ணி மாளாது என்பதால் நிற்பதை எண்ணினார். நாற்பத்தொன்று.

மாமாவுக்கு மூன்று பையன்கள். மூத்தவர் தோப்பைப் பார்த்துக்கொள்கிறார். கடைசிப் பையன் பட்டுக்கோட்டையில் தேங்காய் மண்டி வைத்திருக்கிறார். நடுப்பையனுக்குச் சிங்கப்பூரில் கட்டுமான வேலை. புயலுக்குப் பிறகு மின்சாரம் இல்லை, செல்போன் கோபுரமும் இல்லை. நான்காம் நாள், ஜெனரேட்டர் வைத்துக் காசுக்குச் சார்ஜ் ஏற்றித் தந்த ஒரு கடையில் மாமாவின் போனுக்கு உயிர் வந்தது. சிக்னல் கிடைத்ததும் வந்த முதல் அழைப்பு சிங்கப்பூரிலிருந்து. நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

“எத்தன மரம்ப்பா நிக்குது?”

“நாப்பத்தொண்ணு.”

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சில்லை.

“சரி. வட்டிக்கு எங்கயும் கை நீட்டாதீங்க. அண்ணன்கிட்டயும் சொல்லிருங்க. இந்த மாசம் ஓவர்டைம் காசயும் சேத்து அனுப்புறேன்.”

அரசாங்க நிவாரணமும் வந்தது. அப்புறப்படுத்தும் செலவையும் சேர்த்து மரத்துக்கு 1,100 ரூபாய். ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்து 1,92,500 ரூபாய். குறை சொல்லவில்லை. ஆனால் நெட்டைத் தென்னங்கன்று காய்க்க ஆறேழு வருடம் ஆகும். அந்த வருடங்களில் மாமா வீட்டு அடுப்பு சிங்கப்பூர்க் காசில்தான் எரிந்தது. மூத்தவர் வீட்டு அடுப்பும் அப்படித்தான். வெட்டுக்குக் காயே இல்லாமல் போனபிறகு மண்டிக்காரருக்கு மட்டும் என்ன இருக்கும்? அந்த வீட்டுக்கும் பாதி அங்கிருந்துதான்.

அன்றைக்குக் கடை வாசலில் மாமா ஒரு வாக்கியம் சொன்னார். “மூணு பேரையும் இந்த மண்ணுலயே வச்சிருந்தா மூணு பேரும்ல படுத்திருப்போம்.” என்னுடைய இன்றைய பேச்சு முழுவதும் இந்த ஒரு வாக்கியத்துக்கு உரைதான்.

ஆட்கள் ஏன் ஊரைவிட்டு வேலைக்குப் போகிறார்கள் என்று யாரைக் கேட்டாலும், “அங்கே சம்பளம் அதிகம்” என்பார்கள். பொருளியலும் நெடுங்காலம் இதைத்தான் சொன்னது. கிராமத்தில் மிகுதியாக இருக்கும் உழைப்பு நகரத் தொழிலுக்கு நகர்கிறது என்று 1954இல் ஆர்தர் லூயிஸ் எழுதினார். 1970இல் ஹாரிஸ், டொடாரோ என்ற இருவர் அதைத் திருத்தினார்கள். நகரத்துக்குப் போகிறவருக்கு வேலை கிடைக்காமலும் போகலாம். கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு, கிடைத்தால் சம்பளம் எவ்வளவு என்று பெருக்கிப் பார்த்து, அது ஊர்க் கூலியைவிட அதிகமாக இருந்தால் மூட்டை கட்டுகிறார் என்றார்கள். நல்ல கணக்குதான். ஆனால் இரண்டிலுமே முடிவெடுப்பவர் தன்னந்தனியான ஓர் ஆள். அவருக்கு அப்பா அம்மா இல்லை, அண்ணன் தம்பி இல்லை, அடகு வைக்க நகை இல்லை.

இந்தக் கணக்கை மாமா வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்தால் நிற்காது. சம்பளம் மட்டும்தான் காரணம் என்றால் மூன்று பேரும் போயிருக்க வேண்டும். ஏன் ஒருவர் மட்டும் போனார்? ஊரிலேயே மிக ஏழையான வீட்டிலிருந்துதான் முதலில் போயிருக்க வேண்டும். ஆனால் நம் பக்கத்தில் கொஞ்சம் நிலமோ நகையோ உள்ள வீட்டுப் பிள்ளைதான் முதலில் விமானம் ஏறினான். இன்னொன்று: தனக்காகப் போனவர் சம்பாதித்ததைத் தானே வைத்துக்கொள்ளலாமே? கட்டிலுக்கு மேல் கட்டில் போட்ட அறையில் படுத்துக்கொண்டு, மாதம் தவறாமல் பாதிக்கு மேல் ஊருக்கு எதற்காக அனுப்ப வேண்டும்?

1985இல் ஓடெட் ஸ்டார்க், டேவிட் புளூம் என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஒரு சின்னக் கட்டுரையில் கேள்வியையே மாற்றிக் கேட்டார்கள். ‘ஆள் ஏன் போகிறார்?’ என்று கேட்காதீர்கள், ‘வீடு ஏன் அனுப்புகிறது?’ என்று கேளுங்கள் என்றார்கள். இதற்கு ‘உழைப்பு இடப்பெயர்வின் புதிய பொருளியல்’ என்று பெயர். புதிய என்ற சொல்லைக் கேட்டால் நம் ஊர்ப் பெரியவர்கள் சிரிப்பார்கள். மலேயாவுக்கும் பர்மாவுக்கும் ஆள் அனுப்பிய காலத்திலிருந்து நம் கூடங்களில் உட்கார்ந்து பேசியது இதைத்தானே. தஞ்சை, இராமநாதபுரம் கரையோர முஸ்லிம் ஊர்களில் ‘சபர்’ போவது என்று ஒரு சொல்லும், போனவருக்குச் ‘சபராளி’ என்று ஒரு பெயருமே உண்டு. ஒரு வழக்கத்துக்குப் பெயர் விழுகிறது என்றால் அது எத்தனை தலைமுறைப் பழக்கமாக இருக்கும் என்று பாருங்கள்.

வீடு ஆள் அனுப்புவதற்கு இந்தப் பொருளியல் சொல்லும் காரணங்கள் மூன்று. மூன்றையும் நம் மண்ணில் வைத்துப் பார்ப்போம்.

முதல் காரணம், கெட்ட காலத்தைப் பங்குபோட்டு வைப்பது. மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறக்க வேண்டும் என்பது நம் குறுவையின் ஜாதகம். 2012 முதல் 2019 வரை எட்டு வருடங்கள் அந்தத் தேதியில் திறக்க முடியவில்லை. 2016இல் வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. இரண்டு வருடம் கழித்து கஜா. இப்படியொரு வருடத்தில் கையில் காசில்லாதவர் என்ன செய்வார்? பக்கத்து வீட்டில் கைமாற்று கேட்பார். கடைமடையில் பக்கத்து வீட்டுக்காரரும் அதே வாய்க்காலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். பட்டா தனித்தனியாக இருக்கலாம். தண்ணீர் ஒன்று, காற்று ஒன்று. நல்ல வருடத்தில் பத்து பேர் கைமாற்று தருவார்கள். கேட்க வேண்டிய வருடத்தில் பத்து பேரும் கேட்கிற பக்கம் நிற்பார்கள்.

அதனால்தான் வீடு தன் ஆட்களில் ஒருவரை, அதே காற்று வீசாத ஓர் ஊரில் கொண்டுபோய் வைக்கிறது. சிங்கப்பூரில் கட்டடம் எழும்புவதற்கும் மேட்டூர் நீர்மட்டத்துக்கும் சம்பந்தமில்லை. அந்தச் சம்பந்தமின்மைக்குத்தான் வீடு காசு கொடுக்கிறது. சம்பளம் கூடுதலாக இருந்தால் நல்லது. ஆனால் தோப்பு படுக்கிற அதே நாளில் அந்தச் சம்பளமும் படுத்துவிடாமல் இருப்பது அதைவிட முக்கியம்.

இதே கணக்கு கல்யாணத்திலும் உண்டு என்று காட்டிய ஓர் ஆய்வு இருக்கிறது. ஹைதராபாத் அருகே உள்ள இக்ரிசாட் நிறுவனம் வறண்ட கிராமங்களில் வருடக்கணக்கில் வீடு வீடாகத் திரட்டிய விவரங்களை வைத்து, 1989இல் மார்க் ரோசன்ஸ்வெய்க்கும் ஸ்டார்க்கும் எழுதினார்கள். பெண்ணைத் தூரத்து ஊரில் கட்டிக்கொடுத்த வீடுகளில், விளைச்சல் கூடிக் குறைந்தாலும் சாப்பாட்டுச் செலவு அவ்வளவாக ஏறி இறங்கவில்லை. நம் ஊரில் மழை பொய்த்தால் சம்பந்தி ஊரிலாவது பெய்திருக்கும் என்ற கணக்கு. மாமன் மகளைக் கட்டிச் சொத்தைக் காப்பாற்றுவது நம் பழக்கம். அவர்கள் தூரத்தில் சம்பந்தம் செய்து சோற்றைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

இரண்டாவது காரணம், மூலதனம். ஆழ்குழாய்க் கிணறு போட வேண்டும், சொட்டுநீர்க் குழாய் இறக்க வேண்டும், பெண்ணை நர்சிங் சேர்க்க வேண்டும். கூட்டுறவுச் சங்கம் பயிருக்குக் கடன் தரும். வங்கி நகைக்குத் தரும். ஆறேழு வருடம் கழித்துக் காய்க்கப்போகிற கன்றை நம்பி, அதுவரை வட்டியும் கேட்காமல் பொறுத்திருக்கிற கடனை யார் தருவார்? வெளியூரில் இருக்கிற மகன் தருவான். பிணை கேட்க மாட்டான். தவணை தவறினால் வாசலில் வந்து நிற்க மாட்டான்.

மூன்றாவது காரணத்தைச் சொல்ல எல்லோருக்கும் கூச்சம். தெருவில் நம் மரியாதை. எல்லாம் ஓட்டு வீடாக இருந்தவரை யாருக்கும் குறையில்லை. ஒரு வீடு மாடி கட்டி முகப்பில் கிரானைட் ஒட்டியதும், மற்ற வீடுகள் இருந்த இடத்திலேயே குள்ளமாகிவிட்டன. மெக்சிகோவிலிருந்து அமெரிக்காவுக்கு ஆள் அனுப்பிய கிராம வீடுகளை ஆராய்ந்த ஸ்டார்க்கும் எட்வர்ட் டெய்லரும் இதையும் கணக்கில் சேர்த்தார்கள். எவ்வளவு வருமானம் இருக்கிறது என்பது மட்டுமல்ல, பக்கத்து வீட்டை ஒப்பிட எவ்வளவு குறைவு என்பதும் ஆளை அனுப்பத் தூண்டுகிறது. கூத்தாநல்லூரைச் ‘சின்ன சிங்கப்பூர்’ என்று சொல்லும்போது நம் குரலில் பெருமை பாதி, பொறாமை பாதி கலந்திருப்பது இதனால்தான்.

சரி, யாரை அனுப்புவது? மூத்தவர் போனால் நிலத்தை யார் பார்ப்பது? கடைசிப் பையன் அப்போது படித்துக்கொண்டிருந்தான். இப்படித்தான் நடுப்பையன் மேல் விழுந்தது. அவருக்கு விருப்பமா என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. யார் போவது என்பதை வீடு மட்டும் தீர்மானிப்பதும் இல்லை; போகிற ஊரில் என்ன வேலைக்கு ஆள் கேட்கிறார்கள் என்பதும் தீர்மானிக்கிறது. கட்டடத்துக்கு ஆள் கேட்டார்கள், நம் வீடுகள் மகனை அனுப்பின. வளைகுடா வீடுகளில் பணிப்பெண் கேட்டார்கள், இலங்கையில் ஆயிரக்கணக்கான வீடுகள் தாயை அனுப்பின. அந்த வீடுகளில் பாட்டி இரண்டாம் முறை தாயானாள்.

அனுப்பவும் மூலதனம் வேண்டும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர்கள், வேலைக்குப் போகிறவரிடம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம் என்பது நம் நாட்டு விதி. இந்த அரங்கில் அந்த விதிப்படி பணம் கட்டிப் போனவர் யாராவது இருந்தால் கை தூக்குங்கள்... பார்த்தீர்களா, சிரிப்பு மட்டும்தான் வருகிறது. லட்சங்களில் கட்டியிருக்கிறோம். அந்த லட்சம் எங்கிருந்து வந்தது? அத்தையின் சங்கிலி, அண்ணியின் வளையல். இந்த ஏற்பாட்டின் முதல் முதலீட்டாளர்கள் பெண்கள். அவர்கள் பெயர் எந்தப் புள்ளிவிவரத்திலும் வருவதில்லை.

ஒரு நோட்டில் மட்டும் வருகிறது. அத்தை, அதாவது மாமாவின் மனைவி, சிங்கப்பூர்ப் பணத்துக்கென்று ஒரு கணக்கு நோட்டு வைத்திருக்கிறார். பேத்தியின் பழைய பள்ளி நோட்டு. பின்னட்டையில் பெருக்கல் வாய்ப்பாடு. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். போன வருடம் அவர் அனுமதியோடு புரட்டிப் பார்த்தேன். முதல் பதினான்கு மாதமும் இரண்டே வரிகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன: ‘ஏஜெண்டு கடன்’, ‘நகை வட்டி’. பதினைந்தாம் மாதத்தில் ‘செயின் திருப்பியது’ என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறார். அதன்பிறகுதான் கக்கூஸ், செப்டிக் டேங்க், மூத்தவர் மகள் பீஸ், கோயில் வரி எல்லாம். ஓரிடத்தில் ‘மண்டிக்குக் குடுத்தது. திரும்பக் கேக்கக் கூடாது’ என்று இருந்தது. கஜாவுக்குப் பிந்தைய பக்கங்களில் ‘கன்னு 300’, ‘குழி எடுத்த கூலி’, ‘சொட்டு பைப்பு’. நான் படித்த எந்த ஆய்விலும் இவ்வளவு தெளிவான அட்டவணையைப் பார்த்ததில்லை.

இனி, நடுப்பையன் ஏன் விடாமல் அனுப்புகிறார்? பாசம் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். பாசம் இல்லாமல் இல்லை. 1985இலேயே ராபர்ட் லூகாஸும் ஸ்டார்க்கும் ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவில் இதைத் துருவிப் பார்த்தார்கள். அங்கே மாட்டு மந்தைதான் சொத்து. வறட்சி வந்தபோது, வறட்சியில் அடிபடக்கூடிய சொத்து அதிகம் உள்ள வீடுகளுக்கு வெளியே இருந்தவர்கள் கூடுதலாக அனுப்பினார்கள். அதிகம் படிக்கவைக்கப்பட்ட பிள்ளைகள் கூடுதலாக அனுப்பினார்கள். பெரிய மந்தை உள்ள வீட்டு மகன்களும் கூடுதலாக அனுப்பினார்கள். நாளைக்கு அந்த மந்தையில் பங்கு உண்டல்லவா? அதாவது ஆபத்துக்கு உதவி, படிக்கவைத்ததற்குக் கைம்மாறு, சொத்தில் ஒரு கண் மூன்றும் கலந்த பாசம்.

நம் ஊர் மொழியில் சொன்னால், இது எழுதாத ஒப்பந்தம். நடுப்பையன் வேலை பழகுகிற காலத்தில் வீடு தாங்கியது. வீடு விழுகிற காலத்தில் அவர் தாங்குவார். நாளைக்கு வேலை போய்த் திரும்பி வந்தால், தோப்பில் அவர் பங்கு அப்படியே இருக்கும். மாமா இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. மூத்தவர் இதை மறந்ததும் இல்லை.

அனுப்புகிற பணம் வீணாகிறது என்று படித்தவர்கள் ஒரு பழி சொல்வதுண்டு. வீடு கட்டுகிறார்கள், நகை வாங்குகிறார்கள், கல்யாணத்தில் கொட்டுகிறார்கள், ஒரு தொழிற்சாலை வைத்தார்களா என்று கேட்பார்கள். மழை ஒழுகாத கூரை, வயிற்றுப்போக்கு வராத கழிப்பறை, பள்ளிக்குப் போகிற பெண் இவையெல்லாம் வீண் என்றால் எது பயன்? பிலிப்பைன்ஸில் டீன் யாங் என்ற ஆய்வாளர் இதற்கு அழகான ஒரு சோதனையைக் கண்டெடுத்தார். 1997இல் ஆசிய நாணய நெருக்கடி. பிலிப்பைன்ஸ் பெசோ விழுந்தது. எந்த நாட்டில் மகளோ மகனோ வேலை பார்க்கிறார் என்பதைப் பொறுத்து, சில வீடுகளுக்கு வரும் பணத்தின் மதிப்பு திடீரென்று கூடியது, சில வீடுகளுக்குக் கூடவில்லை. கூடிய வீடுகளில் என்ன நடந்தது? பிள்ளைகள் பள்ளியில் கூடுதலாக நீடித்தார்கள்; வேலைக்குப் போன பிள்ளைகளின் உழைப்பு நேரம் குறைந்தது; பெரியவர்கள் சொந்தத் தொழிலில் கூடுதல் நேரம் செலவிட்டார்கள். மழையை வைத்து அவரும் ஹ்வாஜுங் சோயும் செய்த இன்னொரு ஆய்வில், வெளிநாட்டில் ஆள் உள்ள வீடுகளுக்கு உள்ளூர் வருமானம் 100 ரூபாய் குறைந்தால், சுமார் 60 ரூபாய் வெளியிலிருந்து வந்து அதை ஈடுகட்டியது. மாமாவின் போனில் நான் கேட்டதற்கு இது அங்கத்திய எண்.

நாட்டுக் கணக்கிலும் இதே குணம் தெரியும். 2020 ஏப்ரலில், பெருந்தொற்றால் உலகெங்கும் ஊருக்கு அனுப்பும் பணம் 20 சதவீதம் குறையும் என்று உலக வங்கி கணித்தது. வருட முடிவில் குறைந்தது ஏறத்தாழ 2 சதவீதம்தான். ஒரு நாடு சரிகிறபோது அந்நிய முதலீட்டாளர் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடுவார். வீட்டு ஆள் அந்த நேரத்தில்தான் ஓவர்டைம் பார்ப்பார். 2022இல் இந்தியாவுக்கு இப்படி வந்த தொகை 10,000 கோடி டாலரைத் தாண்டியது. ஒரே வருடத்தில் இவ்வளவு பெற்ற முதல் நாடு நாம்தான். 2015இல் நடந்த தமிழ்நாடு இடப்பெயர்வு ஆய்வு, வெளிநாட்டில் இருக்கும் தமிழ்நாட்டவர் சுமார் 22 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. 22 லட்சம் பேருக்குப் பின்னால் எத்தனை நோட்டுகள் இருக்கும் என்று யோசியுங்கள்.

இதுவரை சொன்னதைக் கேட்டு, ஆளுக்கொருவரை அனுப்பிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். இந்தக் காப்பும் விழும்.

1990இல் குவைத்தை ஈராக் பிடித்தது. சுமார் 1,70,000 இந்தியர்களை விமானத்தில் திரும்பக் கொண்டுவந்தார்கள். பத்து வருடம் அனுப்பிக்கொண்டிருந்தவர், கட்டிய துணியோடு வாசலில் வந்து நின்றார். அதே காற்று வீசாத ஊரில் வேறொரு காற்று வீசும். தெருவில் எல்லோரும் ஒரே நாட்டுக்குப் போயிருந்தால், பழையபடி பத்து பேரும் கேட்கிற பக்கம் நிற்க வேண்டியதுதான்.

இலங்கை காட்டியது வேறு பாடம். 2020இல் அங்கே வங்கி வழியாக வந்த பணம் சுமார் 710 கோடி டாலர். 2021இல் 550 கோடி, 2022இல் 380 கோடி. போனவர்கள் அனுப்புவதை நிறுத்தவில்லை. அரசு டாலருக்கு 200 ரூபாய்க்குச் சற்று மேல் விலையைப் பிடித்து வைத்திருந்தது. வெளியே அதைவிட வெகுவாகக் கூடுதல் கிடைத்தது. மகனோ தாயோ வெயிலில் சம்பாதித்த காசை, வீட்டுக்குக் குறைவாகப் போய்ச் சேரும் வழியில் யார் அனுப்புவார்? பணம் வங்கிக்கு வெளியே கைமாறும் உண்டியல் வழிக்கு மாறியது. வீட்டுக்குப் பணம் வந்தது; நாட்டுக்கு டாலர் வரவில்லை; எரிபொருளுக்கும் மருந்துக்கும் வரிசை நின்றது. நாணயத்தின் விலையை விட்டுக்கொடுத்து, நிலைமை தேறியபின் 2023இல் வங்கி வழி வரவு 600 கோடியை நெருங்கியது. நாட்டின் கையிருப்பாக அரசு நினைத்துக்கொண்டிருந்த அந்தப் பணத்துக்கு உரிமையாளர்கள் வீடுகள். வீட்டை ஏமாற்றினால் பணம் வழியை மாற்றிக்கொள்ளும்.

வீட்டுக்குள்ளும் விலை உண்டு. கேரளத்தில் ஆண்கள் வளைகுடாவுக்குப் போன வீடுகளின் பெண்களோடு பேசி, லீலா குலாட்டி 1993இல் ஒரு நூல் எழுதினார். வங்கிக்கும் பள்ளிக்கும் தனியே போகப் பழகிய பெண்களும் அதில் உண்டு. மாமியார் வீட்டில் காசுக்குக் கைநீட்டி நின்ற பெண்களும் உண்டு. பணம் யார் பெயருக்கு வருகிறது என்பது சின்ன விஷயம் இல்லை. அத்தையிடம் நோட்டு இருக்கிறது. சிங்கப்பூர்க்காரரின் மனைவியிடம் என்ன இருக்கிறது என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

போனவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டுக்கே காப்பீடாக இருப்பவருக்கு யார் காப்பீடு? நடுப்பையன் விடுமுறையில் வரும்போது பெட்டியைப் பிரித்தால் முதலில் வெளியே வருவது கோடாலித் தைலம். சொந்தக்காரர் எல்லோருக்கும் ஆளுக்கொரு பாட்டில். ஒருமுறை இரவில் திண்ணையில் படுத்திருந்தவர், முதுகில் கொஞ்சம் தேய்த்துவிடச் சொன்னார். விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். வலது தோளுக்குக் கீழே ஒரு கை அகலத்துக்குத் தோல் காய்த்துப்போயிருந்தது. “அப்பாகிட்ட சொல்லாதீங்க சார்” என்றார். அந்த நோட்டில் இதற்கு வரி இல்லை.

இன்னொரு பக்கமும் நாம் பார்க்க வேண்டும். இன்று பேராவூரணியில் கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பையன்கள் நிற்கிறார்கள். இந்தியாவுக்குள்ளேயே மாநிலம் விட்டு மாநிலம் போகிறவர்கள் ஆண்டுக்குச் சுமார் 90 லட்சம் பேர் என்று 2016–17 பொருளாதார ஆய்வறிக்கை மதிப்பிட்டது. அந்தப் பீகார்ப் பையன்களின் ஊரில் கோசி ஆறு பெருகும்; நம் ஊரில் அந்த வெள்ளம் வராது. அவர்கள் வீட்டுக்கு ‘அதே காற்று வீசாத ஊர்’ நாம்தான். 2020 ஊரடங்கில் அந்தப் பையன்களுக்கு வேலையும் போய் வாடகையும் பாக்கி நின்றபோது, ஊரிலிருந்து கடன் வாங்கி மகனுக்குப் பணம் அனுப்பிய வீடுகள் உண்டு. ஒப்பந்தம் இரண்டு பக்கமும் ஓடும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். சிங்கப்பூரில் நம் பிள்ளையை எப்படி நடத்த வேண்டும் என்று எதிர்பார்க்கிறோமோ, அப்படி அந்தப் பையனை நடத்துகிறோமா என்பதை இன்று வீட்டுக்குப் போகும் வழியில் யோசித்துக்கொள்ளுங்கள்.

முடிக்கிறேன். நான் சொல்ல வந்தது இதுதான். பயிருக்கு ஒழுங்கான காப்பீடு, பொறுமையான கடன், வயதான காலத்தில் ஓய்வூதியம் இந்த மூன்றையும் ஊர் தராதபோது, வீடு தன் பிள்ளைகளில் ஒருவரை வைத்து மூன்றையும் தானே செய்துகொள்கிறது. அனுப்பும் பணத்தைப் பாராட்டி மேடையில் பேசுகிற அரசுகள், தாம் செய்ய வேண்டியதை ஒரு பையனின் தோள் செய்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். செய்யக்கூடிய வேலைகள் கண் முன்னால் இருக்கின்றன. ஆள் எடுக்கும் செலவை ஆள் கேட்கிற முதலாளி ஏற்க வேண்டும். அப்போது அத்தையின் சங்கிலி பதினைந்து மாதம் அடகுக் கடையில் கிடக்காது. பணம் அனுப்பும் செலவை 2030க்குள் 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர உலக நாடுகள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. சராசரி இன்னும் 6 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. 2023 பிப்ரவரியில் நம் யுபிஐயையும் சிங்கப்பூரின் பேநவையும் இணைத்தார்கள். அதேபோல் வளைகுடா வழிகளையும் மலிவாக்க முடியும். எல்லாவற்றுக்கும் மேலாக, புயலில் விழுந்த தோப்புக்கு அது திரும்பக் காய்க்கும்வரை தாங்குகிற காப்பீடு வேண்டும்.

போன மாதம் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். 2019இல் வைத்த கன்றுகளில் பாதிக்கு மேல் பாளை விட்டுக் காய்க்கத் தொடங்கிவிட்டன. இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். மேசை மேல் ஒரு பாஸ்போர்ட் விண்ணப்பம் கிடந்தது. மூத்தவரின் மகனுக்கு, டிப்ளமோ முடித்திருக்கிறான். தோப்புதான் வந்துவிட்டதே, இவனை எதற்கு அனுப்புகிறீர்கள் என்று கேட்டேன்.

மாமா தோப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “காத்து இன்னொரு தடவ அடிக்காதுன்னு யாராச்சும் எழுதிக் குடுத்திருக்காங்களா?” என்றார்.